இரண்டு ஸ்டேசன் ஊரில் உன் கலியாணம்

என் கைகாட்டிக்கு,

இந்தப் பெயரை வாயால் சொல்லி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் உன் வெள்ளை உடுப்பில் பிரெஞ்சு எழுத்தில் வேறு பெயர் குத்தி வைத்திருக்கிறார்கள். வீட்டில் நான் உன்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். கைகாட்டி என்பது அப்பா வைத்த பெயர். பிறந்த புதிதில் நீ தூங்கும்போது ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி விறைப்பாக வைத்திருப்பாய். ரயில் பாதை ஓரத்துக் கைகாட்டி மரத்தின் கை அப்படி நேரே நின்றால் கோச்சி ஸ்டேசனுக்குள் வரக் கூடாது என்று அர்த்தம். வேலை முடிந்து வரும் அப்பா கதவடியிலேயே நின்று, "கை இன்னும் விழேல்லை, நான் எப்பிடி உள்ளுக்கை வாறது?" என்பார். நான் போய் உன் கையை மெல்ல மடக்கி வைத்தால்தான் செருப்பைக் கழற்றுவார். ஒரு நாளும் அந்த விளையாட்டு அவருக்கு அலுத்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. கலியாணத்தன்று கோயிலுக்குள் அப்பாவின் இடத்தில் பீடம் வரைக்கும் உன்னை யார் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டாய். நான் காதில் விழாத மாதிரி இருந்ததால், "நீங்கள்தான் அம்மா வரவேணும்" என்று நீயே பதிலையும் சொன்னாய். சோறு பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் சோறே இல்லை. உன் பெரியப்பா எனக்கு முன்னால் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? அதனால்தான் இப்போது எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டுக் கடிதமெல்லாம் அப்பாதான் எழுதுவார், நான் பக்கத்தில் இருந்து சொல்லுவேன். இனி இரண்டு வேலையும் எனக்குத்தான். பிழை இருந்தால் நீ திருத்தி வாசி. நான் உனக்கு எழுதப் போகிறேன் என்று தமிழ்ப் பூசை வைக்கும் சுவாமியாரிடம் சொன்னபோது, பங்குக் கோயில் அச்சடிக்கும் தாளில் போடலாமா என்று கேட்டார். போடட்டும் என்றேன். என்னைப் போலப் பெண்கள் இந்தப் பாரிசில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

பெரியப்பா சொன்னதை முதலில் சொல்லுகிறேன். நீ அவரோடு கோபிக்கக் கூடாது. பூசை முடிந்து, தான் இருக்கும் லெ பிளாங்-மெனிலுக்குத் திரும்பாமல் நேரே நம்முடைய வீட்டுக்கு வந்தார். அப்பன் இல்லாத இடத்தில் பெரியப்பன்தான், அதில் பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்றார். கோட்டுத் தைக்க அளவும் கொடுத்துவிட்டாராம். பிறகு குரலைத் தணித்து, "நீ இன்னும் துக்கத்தோடை இருக்கிறாய். ஆண்டும் திரும்பேல்லை. நீ முன்னுக்கு நடந்து வந்தால் சனம் அதை நல்லதெண்டு சொல்லாது. பிள்ளைக்காகத்தான் சொல்லுறன்" என்றார். அவர் பொல்லாத மனிதர் இல்லை, உனக்கே தெரியும். ஒரு பையோடு இந்த நாட்டுக்கு வந்தபோது நாங்கள் படுத்தது அவருடைய அறையில். விசாவுக்காகப் பிரெபெக்சர் அலுவலக வாசலில் குளிரில் எங்களுக்காக வரிசையில் நின்றவரும் அவர்தான். அதனால் எதிர்த்துச் சொல்லாமல் அவருக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அவர் சொன்னதை நானும் நம்பினேன், அதுதான் உண்மை. அப்பா போன நாளிலிருந்து யாரும் சொல்லாமலே நான் பின்னுக்கு நிற்கப் பழகிவிட்டேன். மேல்மாடிப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் நேரே குசினிக்குள் போய் வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன். படம் எடுக்கும்போது கூப்பிட்டார்கள், கை ஈரம் என்றேன். கலியாணத்திலும் அப்படித்தான் ஓர் ஓரமாக நின்று, உன்னைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, கோப்பை கழுவ உதவி செய்துவிட்டு வருவது என்று நினைத்திருந்தேன். உன் போன் வந்துதான் என்னைக் குழப்பியது.

பிள்ளை, முதல் தரம் உன் மாமனார் வீட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் போன நாளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு அது ஒரு பெருநாள். நம்முடைய மன்னார்ப் பாதையில் ஒரு கோச்சியை விட்டால் பிறகு மறுநாள்தான். அந்தப் பழக்கம் அவர் உடம்பில் ஊறிப்போனது. நம்முடைய வீடிருக்கும் மார்க்ஸ் டோர்மோயில் இருந்து கார் து லெஸ்ட் ஸ்டேசனுக்கு நடந்தே போய்விடலாம், ஆனால் விடிந்ததும் விடியாததுமாக எங்களைக் கிளப்பிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நமக்கு முந்தின ரயிலே இன்னும் வெளிக்கிடவில்லை. நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாய். பிறகுதான் அந்த மஞ்சள் பெட்டிப் பிரச்சினை வந்தது. ஏறுவதற்கு முன்னால் டிக்கெட்டை அந்தப் பெட்டிக்குள் விட்டு ஓட்டை போட வேண்டும் என்று நீ சொன்னாய். அப்பா டிக்கெட்டைச் சட்டைப் பைக்குள் வைத்து மேலால் கையை வைத்துக்கொண்டார். ஓட்டை போட்ட டிக்கெட் பாவித்து முடிந்த டிக்கெட், அதோடு கோச்சி ஏறுவது களவு என்றார். "ஆயுள் முழுக்க ரயில்வேயிலை நிண்டவன் நான். டிக்கெட்டிலை ஓட்டை போடுறது ஒரு மனிசன்ரை வேலை. தகரப் பெட்டியின்ரை வேலை இல்லை" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய் இருந்துவிட்டார். நீ எங்கள் இரண்டு பேருடைய டிக்கெட்டையும் பெட்டியில் விட்டுவிட்டு வந்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாய்.

வழியில் டிக்கெட் பார்க்கும் கொந்ரோலர் வந்தார். பெரிய மீசைக்காரர். அப்பா எழும்பி நின்று டிக்கெட்டை இரண்டு கையாலும் நீட்டினார், ஏதோ பூசையில் சுவாமியாரிடம் நன்மை அப்பம் வாங்குவது மாதிரி. அந்த ஆள் டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உன்னைப் பார்த்தார். நீ காது சிவக்கச் சிவக்க என்னவோ சொன்னாய். பிறகு எனக்குத் தமிழில் சொன்னாய், "உங்கடை கையாலை ஓட்டை போடவேணும் எண்டுதான் வச்சிருக்கிறார் எண்டு அவரிட்டைச் சொன்னன் அம்மா. அப்பாவும் ரயில்வேக்காரர் எண்டு சொன்னன்." அந்த மனிதர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து டிக்கெட்டில் தன் கையால் எழுதினார். தொப்பியில் விரலை வைத்து அப்பாவுக்கு ஒரு மரியாதை செய்துவிட்டுப் போனார். அப்பா பிறகு ஊர் வரும் வரைக்கும் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பாரிசுக்கு வந்த நாளிலிருந்து கோப்பை கழுவுகிற வேலையில் நின்ற மனிதரை, வந்த பிறகு முதல் தரமாக ஒருவர் ரயில்வேக்காரர் என்று கண்டுகொண்டார். உனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே அவருக்காகப் பேசினாய் பார், அதை நான் கவனித்தேன். உன் புருசனுக்கும் ஒரு நாள் அப்படிப் பேச வேண்டி வரும். பேசு.

நீ வாழ்க்கைப்படப் போகும் அந்த ஊரின் பெயர் எனக்கு இன்னும் வாயில் வருவதில்லை. இரண்டு ஸ்டேசன் ஊர் என்றுதான் சொல்லுவேன். உன் மாமனார் அங்கேயே ரயில்வேயில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அல்லவா, எங்களை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. "வாங்க சம்பந்தி, முதல்ல ரெண்டு ஸ்டேஷனையும் பார்ப்போம், அப்புறம் சாப்பாடு" என்று பாண்டிச்சேரித் தமிழில் சொல்லிக்கொண்டு பிளாட்பாரத்திலேயே தொடங்கிவிட்டார். அவர் சொன்ன கதையை நான் பின்னால் நடந்தபடி கேட்டேன். முதலில் ஒரு கும்பெனி வந்து லைன் போட்டதாம். ஊருக்குள் வர விடாமல் காணிக்காரப் பெரிய மனிதர் ஒருவர், தன் பழத்தோட்டத்தில் புகை படும் என்று தடுத்துவிட்டாராம். அதனால் ஸ்டேசனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டினார்கள். கனகாலம் கழித்து இன்னொரு கும்பெனி மற்றப் பக்கத்தால் வந்து, எஞ்சின் கொட்டகையும் கல்லுக் கட்டிய சாமான் மண்டபமுமாகத் தனக்கென்று ஒரு ஸ்டேசன் கட்டியது. இரண்டு கும்பெனிக்கும் ஆகாது. இந்தத் தண்டவாளத்தை அந்தத் தண்டவாளத்தோடு சேர்க்க மாட்டோம் என்று நின்றார்களாம். ஒரு ரயிலால் இறங்கி மற்ற ரயில் ஏற வேண்டியவர்கள் பெட்டி படுக்கையோடு ஊருக்கு நடுவால் நடக்க வேண்டும்.

அந்த நடையால்தான் அந்த ஊர் வாழ்ந்ததாம். நடக்கிற வழியெல்லாம் கோப்பிக் கடை, தங்கும் விடுதி, சப்பாத்துத் தைக்கிறவர், குடை விற்கிறவர், கைவண்டி வாடகைக்கு விட்ட ஒரு மனுசி. "ரெண்டு கும்பெனிக்காரனும் பேசிக்கல சம்பந்தி. அதனால ஊரு பொழச்சுது" என்றார் மாமனார். பிறகு அரசாங்கம் இரண்டையும் எடுத்துக்கொண்டு, ஒரு வளைவுத் தண்டவாளம் போட்டுச் சேர்த்துவிட்டது. அதோடு யாரும் இறங்கி நடக்கவில்லை. கடைகள் ஒவ்வொன்றாக மூடிப்போயின. இரண்டாவது ஸ்டேசனுக்குச் சனம் வருவது நின்று, பிறகு சீனி ஆலைக்குப் போகும் கிழங்கு மட்டும் ஏற்றி, அதுவும் லொறிக்குப் போய், இப்போது அந்தச் சாமான் மண்டபத்தில்தான் ஊர் விழா, கலியாண விருந்து எல்லாம். உன் விருந்தும் அங்கேதான். உன் மாமனார் அந்த மண்டபத்துக் கல்லைத் தட்டித் தட்டிக் காட்டினார், மாடு வாங்க வந்தவருக்குக் காட்டுகிற மாதிரி.

அப்பா சும்மா இருப்பாரா? நம்முடைய ஊருக்கும் இரண்டு ஸ்டேசன் என்று அவர் தொடங்கினார். ஊர் ஸ்டேசன் ஒன்று, கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாலத்தடியில் இன்னொன்று. இந்தியாவுக்குக் கப்பல் அந்தப் பாலத்தில்தான் வந்து நிற்கும் என்றார். கொழும்பு மெயில் வந்து சேர்ந்தால் ஊர் எப்படிச் சந்தை மாதிரி ஆகும், கப்பலால் வந்தவர்கள் சீலைக்குள் சீலை உடுத்து எப்படிச் சுங்கக்காரரைத் தாண்டுவார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு தோட்டத்துச் சனத்தைப் பற்றிச் சொன்னார். பரம்பரையாகத் தேயிலை கிள்ளியவர்களை, இது உங்கள் நாடு இல்லை என்று கோச்சி கோச்சியாக அனுப்பிய காலம். சட்டி பானை, உரல், கோழிக் கூடு எல்லாம் கொண்டு வருவார்கள். கப்பலுக்குப் போகும் முன்னால் சிலர் ஸ்டேசன் ஓரத்து மணலைக் குனிந்து அள்ளி முந்தானையில் முடிவார்கள். அழுதார்களா என்று மாமனார் கேட்டார். "அழுகிற கோச்சி எண்டுதான் அதுக்குப் பேரே" என்றார் அப்பா. அதன் பிறகு இரண்டு பேரும் ஆற்றுப் பாலத்துக் கட்டில் கையை ஊன்றிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றார்கள். சோறு ஆறுகிறதே என்ற கவலையில் பின்னால் நின்ற உன் மாமியார் என் காதுக்குள் சொன்னார், "பிள்ளைங்க பேசி முடிச்சது போதும் சம்பந்தியம்மா. இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணத்தைப் பண்ணி வச்சிடலாம்." நான் சிரித்த சிரிப்பில் அப்பா திரும்பிப் பார்த்தார்.

அந்த ஊர்க் கதையில் எனக்குப் பிடித்தது அந்த நடைதான். நீயும் மாப்பிள்ளையும் வேறு வேறு இடத்தால் வந்தவர்கள். நீ ஓம் என்பாய், அவர் ஆமாம் என்பார். உன் குழம்புக்குத் தேங்காய்ப்பால் வேண்டும், அவர்கள் வீட்டில் புளிப்புக்கு வினாகிரியும் விடுவார்கள். எல்லாவற்றையும் முதல் மாதமே ஒன்றாக்கிவிட வேண்டும் என்று அவசரப்படாதே. உங்களுக்கு இடையில் நடந்து போய் வர ஒரு தெரு இருக்கட்டும். நடக்கிறபோதுதான் பேச்சு வரும். நானும் அப்பாவும் அப்படித்தான் இருந்தோம். கலியாணம் கட்டி வந்தபோது அவர் பேச்சில் பாதி எனக்கு விளங்காது, எல்லாம் ரயில்வேச் சொல்லு. இது என்ன, அது என்ன என்று கேட்டுக் கேட்டே முதல் வருசம் போனது. அந்த வருசம்தான் நல்ல வருசம் என்று அவர் பிறகு சொல்லுவார்.

போன நவம்பரில் அவர் போனது உனக்குத் தெரிந்த கதை, திரும்ப எழுதமாட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாளில், உன் கலியாணத்தைப் பற்றித்தான் பேசினார். கோயில் பழைய ஸ்டேசன் பக்கம், விருந்து மற்ற ஸ்டேசனில், நடுவில் பஸ் பிடிக்கப் போகிறோம் என்று நான் சொன்னேன். "பஸ் வேண்டாமெண்டு சொல்லு. அந்தத் தெருவாலை எல்லாரும் நடந்து போகட்டும்" என்றார். இதை உன் மாமனாரிடம் சொன்னபோது அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பஸ்காரனுக்குப் போன் பண்ணப் போனார். ஆகவே நல்ல சப்பாத்தாக வாங்கு. குதி உயர்ந்தது வேண்டாம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அதற்கு நீ பிறக்கிறதுக்கு முந்தின ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நம்முடைய பாதை ஒற்றைத் தண்டவாளம். ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தால் இரண்டு கோச்சி வந்தால் கதை முடிந்தது. அதற்காக ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்கள். இந்த ஸ்டேசனுக்கும் அடுத்த ஸ்டேசனுக்கும் இடையில் போவதற்கு ஒரு வட்டத் தகடு. அது டிரைவரின் கையில் இருந்தால்தான் கோச்சி போகலாம், இல்லாவிட்டால் ராசாவே ஏறி இருந்தாலும் போக முடியாது. தகட்டை ஒரு தோல் பைக்குள் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் கட்டியிருப்பார்கள். நிற்காமல் போகிற கோச்சி என்றால், பிளாட்பாரத்தில் ஒருவர் வளையத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எஞ்சினில் இருந்து ஒருவன் கையை நீட்டி, வளையத்துக்குள் கையை விட்டு, ஓட்டத்திலேயே எடுத்துக்கொண்டு போவான். அப்பா பார்த்த வேலைகளில் அதுவும் ஒன்று.

ஒரு நாள் காலை அவருக்கு மலேரியாக் காய்ச்சல். போர்வைக்குள் கிடந்து நடுங்கினார். மற்றப் போர்ட்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். கப்பலுக்குச் சாமான் கொண்டு போகிற கோச்சி வருவதாக மணி அடித்துவிட்டது. ஸ்டேசன் மாஸ்டர் வயதான மனிதர், கைகாட்டி இழுக்கிற கம்பியை விட்டு அசைய முடியாது. அவர் எங்கள் குவாட்டர்ஸ் வேலியடிக்கு ஓடி வந்து, "பிள்ளை, நீ பிடிப்பியோ? பயமெண்டால் சொல்லு, நான் கோச்சியை மறிச்சு நிப்பாட்டிக் குடுக்கிறன்" என்றார். நிறுத்தினால் ஏன் நின்றது என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும். அப்பாவின் வேலை அப்போது நிரந்தரம் இல்லை. நான் ஓம் என்றேன். உன்னை ஏழு மாதம் சுமந்துகொண்டு நிற்கிறேன், நினைத்துப் பார். அப்பா எழும்பப் பார்த்தார், முடியவில்லை. பாயில் இருந்தபடி எனக்குச் சொல்லித் தந்தார். "கண்ணை மூடாதை. வளையத்தைப் பாக்காதை, அவன்ரை கையைப் பார். அவன் எடுத்தாப்பிறகு விடு. முந்தி விடாதை."

நான் போய் நின்றேன். வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் காலை அகட்டி நின்று, வளையத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். கோச்சி வந்தது. அந்த ஆளின் கையைத்தான் பார்த்தேன், கரி பிடித்த கறுத்த கை. அது வந்து வளையத்துக்குள் போனதும் என் கை லேசாகிவிட்டது. அவ்வளவுதான். மறுநாள் அதே கோச்சி திரும்பி வரும்போது, அந்த ஆள் எஞ்சினில் இருந்து எட்டிப் பார்த்து, "நேத்துத் தந்தது ஒராளோ ரெண்டு பேரோ?" என்று கத்திக்கொண்டு போனான். குவாட்டர்ஸ் முழுக்கச் சிரித்தது.

எல்லாரும் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. வயிற்றுப்பிள்ளைக்காரி அப்படி எஞ்சினுக்கு முன்னால் போய் நிற்கலாமா, பிள்ளைக்கு ஏதும் வந்தால் என்று சில பெண்கள் பேசினார்கள். உன் பெரியப்பாவுக்கு அப்போது மன்னார்க் கச்சேரியில் அரசாங்க வேலை. விசயம் காதில் விழுந்து வந்துவிட்டார். பெண்பிள்ளையை இப்படியா விடுவது, சனம் என்ன சொல்லும் என்று தம்பியைப் பிடித்து ஏசினார். அப்பா காய்ச்சல் விட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார், "அண்ணை, கோச்சி ஆர் தந்தது எண்டு பாக்கிறேல்லை. தந்தவை கடைசி மட்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டவையோ எண்டுதான் பாக்கும்." அண்ணனை எதிர்த்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

போன ஞாயிறு நான் போனை வைத்த பிறகு, அந்தக் காலையை நான் திரும்பத் திரும்ப நினைத்தேன். ஒரு கிழமை யோசித்தேன் என்று வைத்துக்கொள். மெனாஜ் என்கிற துப்புரவு வேலைக்குப் போய் மற்றவர்களுடைய கந்தோர் மேசைகளைத் துடைக்கும்போதும் இதே யோசனை. நேற்று சனிக்கிழமை பெரியப்பாவும் நானும் தமிழ்க் கடைகள் இருக்கும் ரூ காய் தெருவுக்கு உன் கூறைச்சீலை எடுக்கப் போனோம். உனக்குப் பிடித்த மாதிரி, கரை ஒடுக்கமாக, சிவப்பில் எடுத்திருக்கிறோம். கடைக்காரப் பொடியன் அதை மடித்துக்கொண்டிருந்தபோது, அதுதான் நேரம் என்று நினைத்து, பெரியப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சீலையைப் பார்த்துச் சொன்னேன். "அத்தான், பிள்ளையை நான்தான் கூட்டிக்கொண்டு போகப்போறன்."

அவர் சீலையைத் தொட்டுப் பார்த்த கையை எடுத்தார். கடைக்காரப் பொடியனும் மடிக்கிறதை நிறுத்திவிட்டான். பிறகு, "சனம்..." என்று தொடங்கினார். சனம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமாகப் போய்விடுவார், அப்பா இல்லாத வீட்டில் இருக்கிற ஒரே பெரியவரையும் கலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அப்ப தைச்ச கோட்டை என்ன செய்யிறது?" என்று கேட்டார். "போட்டுக்கொண்டு கோயில் முன் வாங்கிலை இருங்கோ. நான் நடந்து வரேக்கை கால் தடுமாறினால் எழும்பி வாங்கோ" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் உடுத்திருந்த துக்கச் சீலையைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு கடைக்காரப் பொடியன் பக்கம் திரும்பி, "தம்பி, மேல் தட்டிலை அந்த மாம்பழக் கலர் இருக்கல்லோ, அதை எடும்" என்றார். ஆருக்கு அண்ணை என்று அவன் கேட்டான். "கலியாணப் பொம்பிளையின்ரை தாய்க்கு" என்றார். அதோடு நிற்காமல், விலையைக் குறை என்று அவனோடு சண்டை பிடிக்கவும் தொடங்கிவிட்டார். நான் கடை வாசலுக்கு வந்து நின்றேன். தெருவில் சனம் மீன் பையோடும் பிள்ளைகளோடும் போய் வந்துகொண்டிருந்தது. அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் நான் தெருவில் நின்று அழுதேன். துக்கத்தில் மட்டும் வந்த அழுகை இல்லை அது.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இதுதான். நான் வருகிறேன். மாம்பழக் கலரில் வருகிறேன். உன் வலப்பக்கமா இடப்பக்கமா என்று சுவாமியாரைக் கேட்டு வைத்துக்கொள், எனக்கு எந்தப் பக்கமும் சரி. மாப்பிள்ளை வந்து உன் கையை எடுக்கும் வரைக்கும் விடமாட்டேன், எடுத்த பிறகு இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கவும் மாட்டேன். பெரியப்பாவுக்குப் பூசையில் ஒரு வாசகம் வாசிக்கக் கொடு. நல்ல குரல், அந்தக் கோட்டுக்கும் ஒரு வேலை வேண்டும். விருந்துக்கு நடக்கும்போது உன் மாமனார் ஒவ்வொருவரையும் பிடித்து இரண்டு கும்பெனிக் கதையைத் தொடங்குவார், தொடங்கட்டும், நீ அலுத்துக்கொள்ளாதே. அதைக் கேட்க இருந்த ஒருவர் இப்போது இல்லை, அந்தக் குறை அவருக்கும் இருக்கும். நான் பக்கத்தில் நடந்து கேட்பேன்.

நான் இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன், பிள்ளை. அடுக்களை யன்னலால் ரயில்கள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். தூக்கமும் வருகிறது. ஒன்றை மட்டும் இன்று வரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை, பயந்துவிடுவார் என்று விட்டுவிட்டேன். வளையம் பிடித்த அன்றைக்கு விடிந்ததிலிருந்து நீ வயிற்றுக்குள் ஒரே உதை. நான் வளையத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், கோச்சி கிட்ட வந்து காலடியில் நிலம் அதிரத் தொடங்கியதும் நீ அப்படியே அசையாமல் நின்றுவிட்டாய். வளையம் என் கையை விட்டுப் போனது, கடைசிப் பெட்டியும் போனது, புகையும் கலைந்தது, அப்போதும் நீ அசையவில்லை. நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அந்த வெறும் பிளாட்பாரத்தில் நின்றேன். கனநேரத்துக்குப் பிறகுதான் மெல்லத் திரும்பிப் படுத்தாய். அவ்வளவு நேரமும் உள்ளே இருந்து நீ என்ன கேட்டுக்கொண்டிருந்தாய், பிள்ளை?